லீவுக்கிழமை

தாழையூரணியில் பாதி ஊர் பட்டாசு சுற்றும், பாதி ஊர் காலண்டர் அடிக்கும். பட்டாசுக்காரர்களுக்கு வருஷத்தில் தீபாவளி என்று ஒரே ஒரு நாள்தான், மற்ற நாளெல்லாம் அதற்குப் போகிற வழி. காலண்டர்க்காரர்களோ ஆடி மாதத்திலேயே அடுத்த வருஷத்துத் தைப்பொங்கலை அச்சடித்து அடுக்கிவிட்டு, நடக்கிற வருஷத்தைப் பழைய சோற்றைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். ஆக, நாள் கிழமை விஷயத்தில் அந்த ஊர்க்காரர்களை யாரும் ஏமாற்றிவிட முடியாது. அப்படிப்பட்ட ஊரில்தான் ஒரு வருஷம், ஆவணி தொடங்கி ஐப்பசி வரைக்கும், செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவில் இன்னொரு கிழமை வந்து போய்க்கொண்டிருந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வந்ததை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்தது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

அந்த வருஷம் ஆடி முதல் செவ்வாய், காலை பதினொன்று பத்துக்கு, ஊருக்குக் கிழக்கே இருந்த பட்டாசு ஆலையில் மருந்து அறை ஒன்று வெடித்து எட்டுப் பேர் போனார்கள். அவர்கள் விட்டுப்போன பிள்ளைகள் பதினொன்று. பெரிய மனிதர்கள் வந்தார்கள், மாலை வந்தது, பேப்பரில் படம் வந்தது, எல்லாம் வந்த வேகத்தில் போயும்விட்டது. திரும்பத் திரும்ப வந்தது ஜெபசீலி ஒருத்திதான்.

ஜெபசீலிக்கு நாற்பத்திரண்டு வயது, பாளையங்கோட்டைக்காரி. பெற்றவரைப் பறிகொடுத்த பிள்ளைகளோடும் அவர்கள் வீட்டாரோடும் களிமண், வண்ணம், காகிதம், பொம்மை என்று எதையாவது கையில் கொடுத்து உட்கார்ந்திருப்பது அவள் வேலை. அதற்குப் படிப்பு உண்டு, பட்டம் உண்டு, இங்கிலீஷில் மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு பெயரும் உண்டு. அந்தப் பெயரைச் சொன்னால் ‘எம் பிள்ளைக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு’ என்று வாசலோடு அனுப்பிவிடுவார்கள் என்பதால் ‘கைவேலை வகுப்பு’ என்று சொல்லிவைத்தாள். ஊர் அதையும் விட்டுவிட்டு ‘படம் டீச்சர்’ என்று தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டது. செவ்வாய் மத்தியானம் மூடிக்கிடந்த பழைய பால்வாடியில் வகுப்பு, ராத்திரிக்குச் சத்துணவு அமைப்பாளர் செல்லத்தாயி அக்கா வீட்டில் படுக்கை, புதன் காலையில் எட்டு வீட்டுக்கும் ஒரு நடை, பிறகு பஸ் என்று அவளுடைய வாரம் ஓடியது.

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது, அதில் மட்டும் அவள் இரும்பு. பிள்ளை செய்த பொருளில் பெரியவர் கை படக்கூடாது. மூக்கில்லாமல் பொம்மை செய்தால் மூக்கில்லாமலேயே கிடக்கட்டும். வீட்டுக்குக் கதவு போட மறந்திருந்தால் அது மறதி என்று யார் சொன்னது. சுவரில் மாட்டியதைக் கழற்றுவதானால் மாட்டிய பிள்ளைதான் கழற்ற வேண்டும். செல்லத்தாயி அக்கா ஒருதரம் கோணலாகத் தொங்கிய படத்தை நேராக்கப் போய், டீச்சர் பார்த்த பார்வையில் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

இனி கனிஷ்காவின் கதைக்கு வருவோம். கனிஷ்காவுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அப்பா காளிராஜ் காலண்டர் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவன், அம்மா மாரீஸ்வரி அந்த மருந்து அறையில் இருந்தவள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கனி தலையைச் சொறிந்துகொண்டே அம்மாவின் சேலையைப் பிடித்துத் தொங்கியிருக்கிறாள். “இன்னைக்கு லீவு போடும்மா, தலை அரிக்குது.” “இன்னைக்கு முடியாதுடி. நாளைக்குப் போடுறேன், நாள் பூராவும் ஒக்காந்து ஒனக்குப் பேன் பாக்குறேன்.” கனி நம்பவில்லை, அம்மா சொல்கிற நாளை என்பது எவ்வளவு நீளமானது என்று அவளுக்குத் தெரியும். மாரீஸ்வரி சிரித்துக்கொண்டே கண்மைப் பென்சிலை எடுத்து, காலண்டரில் செவ்வாய்த் தாளைத் தூக்கிப் பிடித்து, அடியில் இருந்த புதன் தாளில் ‘லீவு’ என்று எழுதி, “எழுதியாச்சு பாரு” என்றாள். அதற்குள் ஆலை வேன் ஹாரன் அடித்துவிட்டது.

தாழையூரணியில் சாவு விழுந்த வீட்டில் காலண்டர் கிழிக்க மாட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டு ஆண்பிள்ளை பதினாறு தாளையும் ஒரே இழுப்பில் கிழித்து வெந்நீர் அடுப்பில் போடுவான். அதோடு தீட்டு கழிந்து நாள் மறுபடி நாளாகிவிடும். காளிராஜும் அப்படித்தான் செய்தான். இரண்டாவது தாளில் கண்மையால் எழுதியிருந்ததை அவன் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு லட்சம் தாள் அவன் கத்திக்கு அடியில் போகும், எதையும் அவன் படிப்பதில்லை, தாள் அவனுக்குத் தொழில். பக்கத்தில் நின்ற கனிதான் அந்த ஒற்றைச் சொல் சுருண்டு கருகுவதைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவளிடம் என்ன கிழமை என்று யார் கேட்டாலும் “செவ்வாய்” என்றாள். பள்ளிக்கூடத்தில் புதன்கிழமைக்கு என்று ஒரு கலர் டிரஸ் உண்டு, அதைத் தொட மாட்டாள். அடிக்காத வாத்தியார் இல்லை, கெஞ்சாத சொந்தக்காரர் இல்லை, ம்ஹூம், அவளுக்குச் செவ்வாய்தான்.

ஜெபசீலி அவளைத் திருத்தவில்லை. காளிராஜிடம் கேட்டு வெட்டி எறிந்த காகிதத்தை வாங்கி, பதினொரு பிள்ளைகளுக்கும் தகரப் பட்டை வைத்த குட்டிக் குட்டி வெற்றுக் காலண்டர் செய்து கொடுத்தாள். “ஒங்களுக்கு வேணுங்கிற நாளை நீங்களே செஞ்சுக்கலாம். எத்தனை வேணும்னாலும் செய்ங்க, ஒண்ணுமே செய்யலைன்னாலும் சரி” என்றாள். மற்றப் பிள்ளைகள் பொங்கலும் பிறந்தநாளுமாகச் செய்து தள்ளின. கனி மூன்று செவ்வாய்க்கு ஒரே ஒரு தாளோடு உட்கார்ந்திருந்தாள். தேதி இல்லை. மேலே சிவப்பில் ‘லீவுக்கிழமை’, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘செவ்வாய்க்கு அடுத்தது’. நடுவில் ஒரு அம்மா, அம்மா மடியில் ஒரு தலை, தலையில் ஒரு சீப்பு. தாளின் கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டுவிட்டு, ஆணி கேட்டு வாங்கி, பால்வாடிச் சுவரில் அதை மாட்டினாள். ஜெபசீலி, நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, மோசமாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது.

மறுநாள் விடிந்தபோது புதன்கிழமை வரவில்லை. பஸ்ஸும் வரவில்லை. செல்போன்கள் மணியைக் காட்டின, தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் காட்டவில்லை. எட்டு வீடுகளில் அந்த எட்டுப் பேரும் இருந்தார்கள். மாரீஸ்வரி பழைய நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்து கனியின் தலையை மடியில் கிடத்திப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஒரு நடை போகலாம் என்று வந்த ஜெபசீலியைப் பார்த்து, “யாரு, புதுசா இருக்கீக, உள்ள வாங்க” என்றாள். கனி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். காளிராஜ் உள்ளே சுவரோடு சாய்ந்து மனைவியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெபசீலி கும்பிடு போட்டுவிட்டு நேராகப் பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். அவளுடைய புருஷன் ஆறு வருஷத்துக்கு முன்னால் பைக்கில் போய்த் திரும்பாதவர். மத்தியானம் வரைக்கும் அங்கே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கிழமை தாழையூரணிக்கு மட்டும் வந்த கிழமை, அவருக்கு இந்த ஊரே தெரியாது, எப்படி வருவார். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள், அடிபம்பில் முகம் கழுவிக்கொண்டு வந்து செல்லத்தாயி அக்கா வீட்டில் இரண்டு தோசை சாப்பிட்டாள்.

பால்வாடிச் சுவரில் கனி மாட்டிய தாளைப் பார்த்துக் கிழமையின் பெயரைத் தெரிந்துகொண்ட ஊர், இரண்டாவது வாரத்திலேயே பழகிவிட்டது. ஜோசியர்தான் பெரிய சிக்கலைத் தீர்த்தவர். ஒரு பகலில் ஒன்றரை மணி நேரமாக எட்டுக் கூறு, ஏழு கிழமைக்கும் ஏழு கூற்றை ராகு எடுத்துக்கொண்டது போக, காலை ஆறிலிருந்து ஏழரை வரைக்கும் உள்ள கூறு ஆதிகாலத்திலிருந்து சும்மா கிடக்கிறது, அது இந்தக் கிழமைக்குத்தான் எடுத்துவைத்தது என்று அவர் சொன்னதும் ஊருக்கு மூச்சு வந்தது. ராகுகாலம் உள்ள நாள் நிஜமான நாள்தானே. தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டில் கட்டம் இல்லாததால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் வைக்கவில்லை. ரேஷன் கடைக்காரர் பூட்டுவதற்கு எந்தக் காரணமும் தேவைப்படாதவர், பூட்டினார். ஆலைக்கு அனுமதிச் சீட்டில் அப்படியொரு கிழமை கிடையாது, ஆகவே பட்டாசும் ஓடவில்லை. வாரத்தின் நடுவில் ஊரே கைலியோடு நடமாடி அதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை.

செத்தவர்கள் லீவில் வந்தவர்கள் மாதிரிதான் வந்தார்கள், லீவில் வந்தவர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். ஒருவர் கூரை ஓட்டைப் பிரித்து மாட்டினார், அடுத்த வாரம் அதே ஓட்டை மறுபடி பிரித்தார். ரோஷிணி என்ற பிள்ளையின் அப்பா கோழிக்கூடு ஒன்று அடித்துக்கொண்டிருந்தார். புஷ்பம் என்பவள் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்த இட்லிப் பானைக்குச் சண்டை போட்டாள். அவளுடைய புருஷன் தனக்குப் பெண் பார்க்கிற தரகரை, “மத்த கிழமையில வாங்க, அன்னைக்கு மட்டும் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

“அவுக செத்தது அவுகளுக்குத் தெரியுமாக்கா?” என்று ஜெபசீலி ஒருநாள் கேட்டாள்.

“நல்லாக் கேட்டீக போங்க. மனுசி என்னைக்கோ ஒருநா லீவுல வீட்டுல இருக்கா, அவகிட்டப் போயி அதையா கேப்பாக” என்றாள் செல்லத்தாயி அக்கா.

லீவுக்கிழமைக்கு மறுநாள், ஊர்க்கணக்கில் புதன் காலை ஆறரைக்கு, ஆலை வேன் வந்து ஹாரன் அடிக்கும். எட்டுப் பேரும் டிபன் பாக்ஸோடு ஏறுவார்கள். டிரைவர் சங்கிலி வழக்கம்போல ஓட்டிக்கொண்டு போவார், ஆலைக் கேட்டில் திரும்பிப் பார்த்தால் எட்டு சீட்டும் காலியாக இருக்கும். அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. தாழையூரணியில் ஒரு நாள் கூடும்போது வெளியே ஒரு நாள் கழிந்துகொண்டிருந்தது. முதல் வாரம் புதன்கிழமை பஸ்ஸில் வியாழக்கிழமைப் பேப்பர் வந்தது. டீக்கடையில் நாளைய செய்தியை இன்றே படித்து, கிரிக்கெட்டில் யார் ஜெயிப்பார்கள் என்று பந்தயம் கட்டுகிற தொழிலே படுத்துவிட்டது. வாரத்துக்கு ஒரு நாளாகப் பின்தங்கி, ஆறாவது வாரத்தில் ஊர் உலகத்துக்கு ஆறு நாள் பிந்திப்போனது. ஜெபசீலியின் செவ்வாய் பாளையங்கோட்டையில் புதனாகி, வியாழனாகி, ஒருதரம் ஞாயிறாகவும் ஆகிவிட, அலுவலகத்தில் “நீங்க எந்த நாள் போறீங்க, எந்த நாள் வர்றீங்கன்னே புரியலையே மேடம்” என்று கேட்டார்கள்.

பிரஸ் முதலாளியும் ஊர்க் கமிட்டித் தலைவருமான தனுஷ்கோடி அண்ணாச்சி முதலில் லீவுக்கிழமையின் கட்சியில்தான் இருந்தார். அடுத்த வருஷத்துக் காலண்டரில் எட்டாம் கிழமையை ராகுகாலத்தோடு சேர்த்து அடித்துவிட்டால் வேறு எந்த ஊர்க்காரனாலும் போட்டி போட முடியாது என்று மாதிரிப் பிரதியே அடித்துவிட்டார். ஏஜெண்டுகள் புரட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, நடுவுல நடுவுல தாள் கூடுதலா இருக்கே” என்று திருப்பி அனுப்பியதும் அவருக்கு அந்தக் கிழமை கசந்துவிட்டது. அதற்கு மேல் தீபாவளி வேறு நெருங்கியது. கமிட்டி கூடி ஜெபசீலியைக் கூப்பிட்டு அனுப்பியது.

“டீச்சர், ஒங்க மேல எங்களுக்கு மரியாதை உண்டு,” என்றார் அண்ணாச்சி. “ஆனா நெலமையைப் பாருங்க. ஊரு உலகத்துக்கே நாமதான் தீபாவளி செஞ்சு அனுப்புறோம். நாம எண்ணெ தேய்ச்சுக் குளிக்கிற அன்னைக்கு அவன் மிச்சப் பலகாரத்தை எறும்புக்குப் போட்டிருப்பான். இந்த அசிங்கம் நமக்குத் தேவையா? அந்தத் தாளைக் கழட்டிருங்க.”

“நான் கழட்ட முடியாது அண்ணாச்சி. கனி மாட்டுனது, கனிதான் கழட்டணும்.”

“அது சின்னப் பிள்ளை.”

“அதுக்காகத்தான் சொல்றேன்.”

“சரி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அது கேக்குமில்ல?”

“கேக்கும். அதனாலதான் சொல்ல மாட்டேன்.”

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. இனிமேல் பால்வாடிச் சாவி கிடைக்காது என்றார் ஒருவர். பிள்ளைக்கு மொட்டை போட்டுவிட்டால் பேனும் போகும், லீவும் போகும் என்று யோசனை சொன்னார் இன்னொருவர். ஜெபசீலிக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. மொட்டை என்று கேட்டபோது அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கனியின் தலை லீவுக்கிழமைக்கு லீவுக்கிழமை சுத்தமாகும், அடுத்த வாரம் பார்த்தால் பேன் மறுபடி மண்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை தலை மோசமோ அந்தப் பிள்ளையோடு கனி மண்டையோடு மண்டை ஒட்டி உட்கார்ந்து படிப்பதை அவளே பார்த்திருக்கிறாள். பேன் தீர்ந்துபோனால் அம்மாவுக்கு லீவு எதற்கு என்று பிள்ளைக்குப் பயம். ஜெபசீலி அதை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் காளிராஜ் பிரஸ் பிளேடோடு பால்வாடிக்கு வந்தான். அண்ணாச்சி அனுப்பியிருந்தார். ஜெபசீலி தடுக்கவில்லை, ஸ்டூலை மட்டும் அவன் பக்கம் தள்ளினாள். அவன் தாளுக்கு முன்னால் போய் நின்று அதன் ஓரத்தை உற்றுப் பார்த்தான்.

“கட்டிங் கோணலா இருக்கு” என்றான். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதான். “அவ கையெழுத்து டீச்சர். கனி இப்ப வரைஞ்சிருக்கே, இதே எழுத்து. காலண்டர்ல லீவுன்னு எழுதி வச்சதை அவ கனிகிட்டச் சொல்லக் கேட்டேன், நான் அந்தத் தாளை அடுப்புல போட்டுட்டேன். படிக்கவே இல்ல.”

“கனிகிட்ட இதைச் சொன்னீங்களா?”

“எப்படிச் சொல்றது?”

“என்கிட்டச் சொன்ன மாதிரியேதான்.”

பிளேடைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான். வீட்டு வாசலில் மகளை நிறுத்திச் சொன்னானாம். கனி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தெரியும்பா, நான் பக்கத்துலதான நின்னேன்” என்றாளாம்.

அன்றைக்கு வகுப்பில் ஜெபசீலி தன் தொழிலில் அனுமதிக்கப்பட்ட ஒரே ஒரு கேள்வியைக் கேட்டாள். “கனி, இந்தத் தாள்ல மேல் பாதியில காலையில நடக்குறது இருக்கு. கீழே வெறுமையா இருக்கே, அதைப் பத்தி எதாவது சொல்லணுமா?”

கனி பென்சிலை எடுத்தாள். தாளைச் சுவரிலேயே வைத்து, நின்றபடியே கீழ்ப்பாதியில் வரைந்தாள். முதலில் ஒரு டிபன் பாக்ஸ். அதைக் கழுவுகிற கை. கவிழ்த்துவைத்த டிபன் பாக்ஸ். கொடியில் வேலைக்குப் போகிற சேலை. ஊறப்போட்ட அரிசி. ஓரத்தில் ஒரு வெள்ளை வேன், மூலையில் இடம் பத்தாமல் பாதி வேன்.

“இது சாயங்காலமா?”

“ஆமா. எல்லா லீவுக்கும் சாயங்காலமானா அம்மா டிபன் பாக்ஸைக் கழுவுது.”

“வேன் வர்றப்போ நீ எங்க இருப்பே?”

“தூங்குற மாதிரி படுத்திருப்பேன்.” கனி பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “டீச்சர், லீவுக்கு மறுநாள் வேலைக்குத்தான போகணும்?”

“வேலைக்குத்தான்.”

“அப்போ வாரா வாரம் அம்மாவை நான்தான் அங்க அனுப்புறேனா?”

இப்படிக் கேட்டால் கேள்வியையே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று படித்தவள் ஜெபசீலி. படித்ததை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்: “இல்ல கனி. வெடிச்சது ஒன்னால இல்ல. அது ஒரு தடவைதான் வெடிச்சுது, ஆடி மாசத்துல. நீ லீவு கேட்டது தப்பே இல்ல.”

“ஆனா டிபன் பாக்ஸை வாரா வாரம் கழுவுது டீச்சர்” என்றாள் கனி.

மற்றப் பத்துப் பிள்ளைகளும் கையிலிருந்ததை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன. கனி அவர்களிடம் கேட்டாள். எங்க அம்மாவும் கழுவுது என்றது ஒன்று. எங்க அப்பா செருப்பைத் துடைச்சு வாசல்ல வைக்கிறாரு என்றது இன்னொன்று. எங்க அம்மா அலாரம் வைக்குது. பாயில் வட்டமாக உட்கார்ந்து பதினொரு பிள்ளைகளும் அந்த மத்தியானம் பேசிய பேச்சை ஜெபசீலி குறுக்கே புகாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் கழற்றிவிடலாம் என்று முடிவாயிற்று, ரோஷிணி மட்டும் மாட்டேன் என்றாள். அவள் அப்பாவின் கோழிக்கூட்டுக்கு இன்னும் கதவு போடவில்லை. அப்படியென்றால் நாளைக்குப் போக இன்னும் ஒரு லீவு என்று கனி ஒத்துக்கொண்டாள். பெரியவர்களை யாரும் கேட்கவில்லை.

ஏழாவது லீவுக்கிழமை அப்படிப் போனது. எட்டாவதுக்குக் கனி, “நீங்களும் வீட்டுக்கு வாங்க டீச்சர்” என்று கூப்பிட்டாள். ஜெபசீலி காலையிலேயே போய் நடைக்கதவு ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். மாரீஸ்வரி மகளின் தலையை வகிடு வகிடாகப் பிரித்து, பேன் சீப்பால் வாரி, வெள்ளைத் துணியில் தட்டிப் பார்த்தாள். மறுபடி வாரினாள். “என்னடி இது, ஒண்ணுகூட இல்ல” என்றாள். அந்த வாரம் பூராவும் கனி பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“பரவாயில்லம்மா, சும்மா பாரு” என்றாள் கனி. மாரீஸ்வரி சாயங்காலம் வரைக்கும் சும்மா பார்த்தாள். காளிராஜ் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “நீ எழுதி வச்சதை நான் பாக்காம கிழிச்சுட்டேன்” என்றான். “அதான் லீவு போட்டாச்சே, அப்புறமென்ன” என்றாள் அவள். கோழிக்கூட்டுக்குக் கதவு மாட்டுகிற சுத்தியல் சத்தம் அடுத்த தெருவிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

வெயில் இறங்கியதும் மாரீஸ்வரி எழுந்து டிபன் பாக்ஸை எடுத்தாள். கனி பின்னாலேயே போய் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நாளைக்கும் லீவு போடும்மா.”

“ரெண்டு நாள் சேந்தாப்புல போட்டா போர்மேன் ஏசுவாருடி.”

“நான் சொல்லிட்டேன்.”

“யாருகிட்ட?”

“போர்மேன்கிட்ட. எங்க அம்மாவுக்கு இனிமே லீவுன்னு சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“சரின்னாரு.”

மாரீஸ்வரி மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கொடியில் கிடந்த வேலைக்குப் போகிற சேலையை எடுத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். “அப்படின்னா நான் கொஞ்சம் படுக்கிறேன் கனி. எத்தனை வருசமாச்சு, இந்த நேரத்துக்குப் படுத்து” என்று சொல்லி, பாயை உதறிப் போட்டு, கையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்தாள். படுத்த உடனேயே தூங்கிவிட்டாள். நிஜமாகவே களைத்த மனுஷி.

வெளிச்சம் இருக்கும்போதே கனி ஜெபசீலியின் கையைப் பிடித்துக்கொண்டு பால்வாடிக்கு நடந்தாள், மற்றப் பத்துப் பிள்ளைகளும் வாசலில் காத்திருந்தன. கனிக்கு ஆணி எட்டவில்லை. ஜெபசீலி தாளைத் தொடவில்லை, கனியைத்தான் இடுப்பில் பிடித்துத் தூக்கினாள். சின்னச் சத்தம்தான் வந்தது, காலண்டர் கிழிக்கிற சத்தம், அந்த ஊரில் பிறந்தவர்கள் தாய்ப்பாலோடு கேட்ட சத்தம். தூக்கியிருந்த பிள்ளையின் உடம்பு குலுங்கியது. ஆடி மாதத்திலிருந்து அழாத பிள்ளை அன்றைக்கு அழுத அழுகைக்கு மற்றப் பத்தும் சேர்ந்து அழுதன. ஜெபசீலி அவர்கள் நடுவில் தரையில் உட்கார்ந்தாள், யாரையும் அழாதே என்று சொல்லவில்லை. தாளைக் கனி நான்காக மடித்து அம்மாவின் டிபன் பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் செல்போன்கள் தேதி காட்டின. ஊரே காலண்டர் முன்னால் நின்று, பிந்திப்போன எட்டுத் தாளையும் சேர்த்து, பதினாறாம் நாள் கிழிக்கிற மாதிரி ஒரே இழுப்பில் கிழித்தது. தீபாவளிக்கு மூன்று நாள்தான் இருந்தது. புஷ்பத்தின் புருஷன் மட்டும் தெருவில் நின்று, “என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல” என்று யாரையென்று இல்லாமல் திட்டிக்கொண்டிருந்தான்.

ஆறரைக்கு ஆலை வேன் வந்து ஹாரன் அடித்தது. முதல் பஸ்ஸுக்காகத் தெருமுனையில் நின்ற ஜெபசீலி பார்த்தாள். கனி ஈரத்தலையோடு வெளியே வந்தாள்.

“அம்மா வரலை” என்றாள்.

“லீவா பாப்பா?” என்றார் சங்கிலி.

“லீவு.”

“இன்னைக்கு மட்டுமா?”

“இனிமே” என்றாள் கனி.

சங்கிலி சரி என்று தலையாட்டினார். மற்ற ஏழு வாசலிலும் ஹாரன் அடிக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

கனி உள்ளே போய், மாட்டியிருந்த பள்ளிக்கூடத் துணிகளுக்கு முன்னால் நின்றாள். “அப்பா, இன்னைக்கு என்ன கிழமை?” என்று அவள் கேட்டது தெருமுனை வரைக்கும் கேட்டது. காளிராஜ் காலண்டருக்குப் பக்கத்தில் போய், தாளை மேலிருந்து கீழ்வரைக்கும் முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டு, “வியாழக்கிழமை” என்றான்.